பூட்டு யார் பெயரில்? லினக்ஸ் கெர்னலில் நினைவகப் பூட்டும் பகிரப்பட்ட கோப்புகளும்

பெல் லேப்ஸில் பிடிபி-7 எந்திரத்தின் மீது யூனிக்ஸ் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு விசித்திரமான கோளாறு தலைகாட்டியது. ஒரு கட்டளைக் கோப்பில் இரண்டே வரிகள். முதல் வரி எல்எஸ். கோப்புகளின் பட்டியலைத் தரும். இரண்டாவது ஹூ, யாரெல்லாம் உள்ளே நுழைந்திருக்கிறார்கள் என்று சொல்லும். இதை ஓடவிட்டு, வெளியீட்டை வேறொரு கோப்புக்குத் திருப்பினால் இரண்டு பட்டியலும் ஒன்றன்கீழ் ஒன்றாக விழ வேண்டும். விழவில்லை. எல்எஸ் எழுதியதன் மேலேயே ஹூ எழுதிவிட்டது.

காரணத்தை டென்னிஸ் ரிச்சி 1979-இல் எழுதிய யூனிக்ஸ் வரலாற்றுக் கட்டுரையில் விளக்குகிறார். கோப்பில் எந்த இடம்வரை எழுதியாயிற்று என்ற குறியை, ஒவ்வொரு ப்ராசஸும் தன்னிடமே வைத்திருந்தது. ஷெல் ஒரு குழந்தை ப்ராசஸை உண்டாக்கும். அது எல்எஸ்ஸை ஓட்டும், எழுதும், தன் குறியை நகர்த்தும், முடிந்துபோகும். ஷெல்லின் குறி மட்டும் சுழியத்திலேயே நிற்கும், ஏனென்றால் ஷெல் தன் பங்குக்கு எதையும் எழுதவில்லை. அடுத்த குழந்தைக்குப் போவது அந்தச் சுழியத்தின் நகல். ஆகவே குறியை ப்ராசஸிடமிருந்து பிடுங்கி, கெர்னலுக்குச் சொந்தமான தனி அட்டவணை ஒன்றில் வைத்தார்கள். குழந்தை ப்ராசஸை உண்டாக்கும் ஃபோர்க் அழைப்பை எழுத மொத்தம் 27 வரி அசெம்பிளிதான் ஆயிற்று என்று ரிச்சி சொல்வதும் இதே கட்டுரையில்தான். அந்த 27 வரியின் வட்டியை கெர்னல் எழுதுகிறவர்கள் இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்வது இரண்டு வகைப் பூட்டுகளை. ஒன்று, ஒரே சமயத்தில் இருவர் ஒரு பொருளில் கைவைக்காமல் தடுப்பது. மற்றொன்று, நினைவகப் பக்கங்களை வட்டிலுள்ள ஸ்வாப்புக்குத் துரத்தாமல் ராமிலேயே நிறுத்திவைப்பது. பாடப்புத்தகங்கள் இவற்றை வெவ்வேறு அத்தியாயங்களில் வைக்கும். ஆனால் லினக்ஸ் வரலாற்றில் இரண்டிலும் வந்த சிக்கல்களை வரிசையாகப் பார்த்தால், திரும்பத் திரும்ப ஒரே வழக்குதான் நடக்கிறது: இந்தப் பூட்டு யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, உண்மையில் பொருளைப் பயன்படுத்துகிறவர் யார்? பூட்டுவது எளிது. பகிர்வு வந்தபின் அந்தப் பதிவேடு உண்மையோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் கடினமான கேள்வி.

முதலில் அமைப்பு. நிரல் ஒன்று கோப்பைத் திறந்தால் கையில் கிடைப்பது 3, 4, 5 என்று ஒரு சின்ன எண், அதுதான் டிஸ்கிரிப்டர். அந்த எண் ப்ராசஸின் அட்டவணையில் ஓர் இடத்தைக் காட்டும். அந்த இடம் கெர்னலுக்குள் இருக்கும் 'திறந்த கோப்பு' என்ற பொருளைக் காட்டும். எழுதும் குறி இருப்பது இதில்தான். அந்தப் பொருள் ஐநோடைக் காட்டும். வட்டில் உள்ள கோப்பு அது. ஃபோர்க் செய்தால் அட்டவணை நகலாகும், திறந்த கோப்பு நகலாகாது. கூட்டுப் பட்டா நிலம் மாதிரி: ஆளுக்கொரு நகல் கையில் இருக்கும், நிலம் ஒன்றே. ஒரே ப்ராசஸின் த்ரெட்டுகளுக்கு இடையிலோ அட்டவணையே பொது. போதாததற்கு, யூனிக்ஸ் சாக்கெட் வழியாக ஒரு டிஸ்கிரிப்டரை முன்பின் தெரியாத ப்ராசஸுக்கும் அனுப்பலாம். 1983-இல் வந்த 4.2 பிஎஸ்டி காலத்திலிருந்தே உள்ள வசதி இது.

சரி, எழுதும் குறி பொதுவாகிவிட்டது. இருவர் ஒரே நேரத்தில் எழுதினால்? லினக்ஸ் நீண்ட காலம் இதற்குப் பதிலே சொல்லவில்லை. ரைட் அழைப்புக்குள் மூன்று படிகள் நடந்தன: குறியைப் படி, எழுது, புதிய குறியைத் திரும்ப வை. நடுவில் எந்தப் பூட்டும் கிடையாது. இரண்டு த்ரெட்டுகள் ஒரே குறியைப் படித்துவிட்டால் ஒருவர் எழுதியதன் மேல் மற்றவர் எழுதுவார். பிடிபி-7 கோளாறின் பேரன்தான் இது, வேறொன்றுமில்லை. ரைட் ஒன்றுக்கொன்று குறுக்கிடாத செயலாக இருக்க வேண்டும் என்று யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான தரநிலையான போசிக்ஸ் சொல்லியும் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2014 மார்ச்சில்தான் லினஸ் டோர்வால்ட்ஸ் திறந்த கோப்புப் பொருளுக்குள் ஒரு மியூட்டெக்ஸை வைத்தார், 3.14 பதிப்போடு வந்தது.

அதில் ஒரு சிக்கனம் இருந்தது. ஒவ்வொரு ரீட்டுக்கும் ரைட்டுக்கும் பூட்டைத் தொட்டால் நேரம் வீணாகும். பெரும்பாலான கோப்புகளுக்குச் சொந்தக்காரர் ஒருவரே. எனவே பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையைப் பார். ஒன்றுக்கு மேல் இருந்தால் மட்டும் பூட்டு. தனியாள் தன் வீட்டுக்குள் பூட்டிக்கொள்ளத் தேவையில்லை என்ற நியாயம். 2020-இல் 5.6 பதிப்பு பிஐடிஎஃப்டி-கெட்எஃப்டி என்ற அழைப்பைக் கொண்டுவந்தது. உரிய அதிகாரம் உள்ள ஒரு ப்ராசஸ், இன்னொரு ப்ராசஸின் டிஸ்கிரிப்டரை அது அறியாமலேயே எடுத்துக்கொள்ளலாம். கன்டெய்னர் கண்காணிப்புக்கு மிகவும் உபயோகமான வசதி. ஆனால் எண்ணிக்கை ஒன்று என்று பார்த்து, பூட்டாமல் ஒருவர் உள்ளே போன அடுத்த நொடியில் எண்ணிக்கை இரண்டாகலாம் என்று 2014-இல் யாரும் கணக்குப் போட்டிருக்கவில்லை.

2023 ஜூலையில் கிறிஸ்டியன் பிரவுனர் சிக்கனத்தை எடுத்துவிட்டு, எப்போதும் பூட்டு என்று மாற்றினார். வேகம் குறைவது அளவீட்டில் தெரிந்தது. இரண்டு வாரத்துக்குள் டோர்வால்ட்ஸ் சாதாரணக் கோப்புகளுக்குப் பழைய சிக்கனத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். கோப்பகங்களுக்கு மட்டும் எப்போதும் பூட்டு. காரணம் சுவையானது. சாதாரணக் கோப்பில் குறி குழம்பினால் குழப்பிய நிரலுக்குத்தான் கேடு. கோப்பகத்தைப் படிக்கும் கெர்னல் நிரலோ அந்தப் பூட்டு இருக்கிறது என்று நம்பியே எழுதப்பட்டது. அங்கே குழப்பம் வந்தால் கெர்னலுக்கே கேடு. என் பார்வையில் இது நேர்மையான சமரசம். போசிக்ஸை முழுதாக மதிக்கவில்லை என்று முணுமுணுக்கலாம். ஆனால் யாருக்காகப் பூட்டுகிறோம் என்பது முதல்முறையாகத் தெளிவானது இங்கேதான்.

இதே பூட்டு வேறிடத்தில் வேறு தொல்லை கொடுத்தது. சென் மெய்நிகர் எந்திரங்களில் பேச்சுவார்த்தைக்கென்று ஒரு சிறப்புக் கோப்பு உண்டு. ஒரு த்ரெட் அதில் பதிலுக்காக ரீட்டில் காத்திருக்கும். இன்னொரு த்ரெட் கேள்வியை ரைட் செய்யும். ரீட் தூங்கும்போது குறியின் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கியது. ரைட் அந்தப் பூட்டுக்காகக் காத்திருந்தது. கேள்வி போகாமல் பதில் வராது. பதில் வராமல் பூட்டு விடுபடாது. இத்தனைக்கும் அந்தக் கோப்பில் குறி என்பதற்கு அர்த்தமே இல்லை. வந்ததைப் படிக்கலாம், நினைத்ததை எழுதலாம், அவ்வளவே. இல்லாத பொருளுக்குக் காவல் போட்டு இருவரும் மாட்டிக்கொண்ட கதை. 2019-இல் இத்தகைய ஓடைவகைக் கோப்புகளுக்கென்று தனித் திறப்பு முறை வந்தது. அப்போது காக்சினெல் என்ற கருவியைக் கொண்டு கெர்னல் முழுவதும் தேடினார்கள். இதே ஆபத்தில் இருந்த டிரைவர்கள் இன்னும் பல சிக்கின.

கோப்புகளின் மீது நிரல்களே போட்டுக்கொள்ளும் பூட்டுகளின் கதை இதைவிட மோசம். போசிக்ஸ் வகுத்த பூட்டு ப்ராசஸின் பெயரில் பதிவாகிறது, திறந்த கோப்பின் பெயரில் அல்ல. இதிலிருந்து இரண்டு விபரீதங்கள். ஒரே ப்ராசஸின் இரண்டு த்ரெட்டுகள் ஒன்றையொன்று தடுக்கவே முடியாது, ஏனென்றால் கெர்னலின் பார்வையில் இருவரும் ஒரே ஆள். இரண்டாவதுதான் கொடுமை: அதே கோப்பை ப்ராசஸுக்குள் வேறெங்கோ ஒரு நூலகம் திறந்து, எட்டிப் பார்த்துவிட்டு மூடினால், அந்த ப்ராசஸ் அந்தக் கோப்பின் மேல் வைத்திருந்த எல்லாப் பூட்டுகளும் ஓசையில்லாமல் விழுந்துவிடும். பூட்டியவருக்குத் தகவல்கூட வராது. எஸ்க்யூலைட் இதைச் சமாளிக்க, எந்த ஐநோடு எத்தனை முறை திறந்திருக்கிறது என்று தனக்குள் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. பூட்டு இருக்கும்வரை டிஸ்கிரிப்டரை மூடாமல் தள்ளிப்போடுகிறது. கைபேசி முதல் விமானம்வரை ஓடும் ஒரு தரவுத்தளம், தரநிலையின் ஓர் அபத்தத்துக்காக மூடுவதையே ஒத்திப்போடுகிறது.

ஜெஃப் லேய்ட்டன் 2014-இல் 3.15 பதிப்பில் இதற்கு மாற்று கொண்டுவந்தார்: திறந்த கோப்பின் பெயரிலேயே பதிவாகும் பூட்டு. பிஎஸ்டியின் ஃப்ளாக் பூட்டு முன்பே அப்படித்தான் இருந்தது. ஆனால் அது முழுக் கோப்பையும்தான் பூட்டும், ஒரு பகுதியை மட்டும் பூட்டத் தெரியாது. புதியது இரண்டு குணங்களையும் சேர்த்துக்கொண்டது. 2024-ஆம் ஆண்டுப் போசிக்ஸ் திருத்தத்தில் அதற்கு இடமும் கிடைத்துவிட்டது. பழையதை நீக்க மட்டும் எவருக்கும் தைரியமில்லை. அதை நம்பி ஓடும் நிரல்கள் அத்தனை.

டிஸ்கிரிப்டர் தேவையில்லாத இடத்துக்குக் கசிவது இன்னொரு தலைவலி. அதைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஒரு த்ரெட் கோப்பைத் திறந்து, 'எக்ஸெக் செய்தால் (வேறு நிரலாக மாறினால்) மூடிவிடு' என்ற குறிப்பைப் போடுவதற்குள் இன்னொரு த்ரெட் ஃபோர்க்கும் எக்ஸெக்கும் செய்துவிட்டால், கடவுச்சொல் கோப்பு அந்நிய நிரலின் கையில். திறக்கும்போதே குறிப்பைப் போடும் வசதி 2007-இல் 2.6.23-இல் வந்தது, பைப், சாக்கெட் போன்றவற்றுக்கு அடுத்த ஆண்டு. பைத்தான் 3.4 பதிப்பில் இதையே இயல்பாக்கியது. முதலிலேயே இப்படி இருந்திருக்கலாம் என்று தோன்றும். ஆனால் ஷெல்லின் குழாய் வேலை முழுவதும் கசிவை நம்பித்தான் நடக்கிறது.

இனி நினைவகம். எம்லாக் என்ற அழைப்பு ஒரு முகவரிப் பரப்பை ராமில் நிறுத்துகிறது. இரண்டு சாராருக்கு இது உயிர்நாடி. குறியாக்க நிரல்கள் சாவியை ஸ்வாப் வட்டில் விட்டுவிடக் கூடாது. ஒலிப்பதிவு, தொழிற்சாலைக் கட்டுப்பாடு போன்ற நிகழ்நேர நிரல்களுக்குப் பக்கம் காணோம் என்று ஒரு கணம் நிற்பதே தோல்வி. 2004-க்கு முன் ரூட் உரிமை இல்லாமல் இதைச் செய்ய முடியாது. அதனால்தான் பழைய க்னூபிஜி, பாதுகாப்பற்ற நினைவகத்தைப் பயன்படுத்துகிறேன் என்று எச்சரித்துக்கொண்டே இருந்தது; அந்த வரியைத் தவிர்க்க ரூட் உரிமையோடு நிறுவச் சொன்னார்கள். சாவியைக் காக்க நிரலுக்கே முழு அதிகாரம்! 2.6.9 பதிப்பு சாதாரணப் பயனருக்கும் ஒரு வரம்புக்குள் அனுமதி தந்தது.

எம்லாக் தராதவை எவை என்று தெரிந்துகொள்வது, தருவதைத் தெரிந்துகொள்வதைவிட முக்கியம். அடுக்கடுக்காகப் பூட்டினால் எண்ணிக்கை ஏறாது. பத்து முறை பூட்டியதை ஒரே திறப்பு திறந்துவிடும். ஒரே பக்கத்துக்குள் இரு நூலகங்களின் ரகசியங்கள் இருந்து, ஒன்று தன் வேலை முடிந்தது என்று திறந்தால் மற்றதும் அம்பலம். ஃபோர்க்கில் பிறக்கும் குழந்தைக்குப் பூட்டு போகாது. பெற்றோருக்கும் நிம்மதியில்லை: ஃபோர்க் ஆனதும் இருவரின் பக்கங்களும் 'எழுதினால் நகலெடு' என்ற நிலைக்குப் போய்விடும்; பூட்டிய பக்கத்தில் பெற்றோர் முதல்முறை எழுதும்போது, எது நடக்கக் கூடாது என்று பூட்டினார்களோ அந்தத் தாமதமே நடக்கும். மடிக்கணினி வட்டுக்கு உறங்கப் போனால் ராம் முழுவதும், பூட்டியதும் சேர்த்து, வட்டில் எழுதப்படும். ராமில் இருக்கும் என்பதுதான் வாக்குறுதி. ராமில் அதே இடத்தில் இருக்கும் என்பதில்லை. நினைவகத்தை ஒழுங்குபடுத்தும் வேலை பூட்டிய பக்கத்தையும் நகர்த்தலாம். நிகழ்நேர கெர்னலில் மட்டும் இந்த நகர்த்தல் இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும்.

பூட்டிய பக்கத்தைப் பலர் பகிர்ந்தால்? ஒருவர் திறந்துவிட்டார் என்பதற்காக அதைத் துரத்தக் கூடாது. கடைசி ஆள் திறக்கும்வரை நிற்க வேண்டும். கடைசி ஆள் யார் என்று அறிய, அந்தப் பக்கத்தை யாரெல்லாம் தம் முகவரிக்குள் வைத்திருக்கிறார்கள் என்று தலைகீழாகத் தேடிப் போக வேண்டியிருந்தது. 2008 இறுதியில் 2.6.28 பதிப்பு, துரத்த முடியாத பக்கங்களைத் தனிப் பட்டியலுக்கு ஒதுக்கியது. அதற்கு முன், 128 ஜிபி ராம் உள்ள எந்திரத்தில் 3 கோடிக்கு மேற்பட்ட 4 கேபி பக்கங்களைத் துழாவுவதிலேயே எல்லா சிபியூக்களும் மணிக்கணக்கில், சில வேளை நாட்கணக்கில் மூழ்கும் நிலை வரலாம் என்று கெர்னல் ஆவணமே சொல்கிறது. 2022-இல் 5.18 பதிப்புக்காக ஹ்யூ டிக்கின்ஸ் செய்த திருத்தம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒதுக்கிவைத்த பக்கங்களை வரிசையாகக் கோத்துவைக்கத் தேவையே இல்லை, யாரும் அந்தப் பட்டியலை நடந்து பார்ப்பதில்லை என்று கவனித்தார். கோப்பதற்கு என்று ஒவ்வொரு பக்கத்தின் விவரத்திலும் இருந்த இடம் சும்மா கிடந்தது. அந்த இடத்திலேயே எத்தனை பேர் பூட்டியிருக்கிறார்கள் என்ற எண்ணை எழுதிவிட்டார். ஒரு பைட்கூடக் கூடவில்லை.

இனி இரண்டு கதைகளும் ஒன்றையொன்று வெட்டும் இடம். ஒரு ப்ராசஸ் தன் நினைவகப் பக்கத்தை நகலெடுக்காமல் அப்படியே பைப்புக்குள் வைக்கலாம். விஎம்ஸ்ப்ளைஸ் என்று பெயர். 2020-இல் ஜான் ஹார்ன் இதைக் கொண்டு ஒரு வித்தை காட்டினார். குழந்தை ப்ராசஸ், பெற்றோரோடு பகிர்ந்த பக்கத்தைப் பைப்பில் வைக்கிறது. பிறகு தன் முகவரிப் பரப்பிலிருந்து அதை நீக்கிவிடுகிறது. இப்போது பெற்றோர் அந்தப் பக்கத்தில் எழுதப் போகிறது. கெர்னல் பார்க்கிறது: பக்கத்தை முகவரியில் வைத்திருப்பவர் ஒருவரே, நகல் எதற்கு, அங்கேயே எழுதட்டும். எழுதியது ரகசியச் சாவி என்றால், குழந்தை பைப்பைப் படித்தால் போதும். முகவரியில் வைத்திருப்பவரை எண்ணிய கெர்னல், டிஸ்கிரிப்டர் வழியாகப் பிடித்திருப்பவரை எண்ண மறந்தது. சிவிஇ-2020-29374 என்று பதிவான இந்த ஓட்டையை 5.8-இல் அடைத்தபோது வேறு இடங்களில் ஒழுகியது, 5.9-இல் மாற்றி எழுதியபோது நேரடி வட்டு வாசிப்பு செய்யும் நிரல்கள் அடிவாங்கின. 2022-இல் 5.19 பதிப்பில் டேவிட் ஹில்டன்பிராண்ட் ஒவ்வொரு தனிப் பக்கத்துக்கும் 'இது ஒருவருக்கு மட்டுமே உரியது' என்ற முத்திரையைச் சேர்த்தபின்தான் ஓரளவு அமைதி வந்தது. ஊகிப்பதை விட்டு எழுதிவைத்தார்கள்.

இதற்குச் சற்று முன், 5.6 பதிப்பிலேயே இன்னொரு பிரிவினையும் நடந்திருந்தது. பக்கத்தைச் சும்மா பிடித்திருப்பது வேறு, ஒரு சாதனம் நேராக எழுதுவதற்காக ஆணி அடித்து வைத்திருப்பது வேறு. ஆணி அடிக்கும்போது பக்கத்தின் எண்ணிக்கையில் 1 அல்ல, 1024 கூட்டப்படுகிறது. எண்ணிக்கை 1024-ஐ எட்டினால் ஆணி இருக்கலாம் என்று பொருள். 'இருக்கலாம்' என்பதே சரி. ஆயிரத்துச் சொச்சம் பேர் சும்மா பிடித்திருந்தாலும் அப்படித்தான் தெரியும். தவறினால் பாதுகாப்பான பக்கமாகத் தவறும் என்பதால் ஏற்றுக்கொண்டார்கள்.

டிஸ்கிரிப்டரைச் சாக்கெட்டில் அனுப்பும் வசதிக்கும் இப்படி ஒரு விலை உண்டு. ஒரு சாக்கெட்டை அதே சாக்கெட் வழியாகவே அனுப்பிவிட்டு, கையில் உள்ளதை மூடிவிட்டால் என்னவாகும்? அதை எட்ட யாராலும் முடியாது. ஆனால் தன்னைத் தானே பிடித்திருப்பதால் எண்ணிக்கை சுழியமாகாது. ஆகவே கெர்னலுக்குள், சி மொழியில், ஒரு குப்பை அள்ளும் நிரல் இருக்கிறது. ஜாவாக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். அது உயிரோடிருக்கும் சாக்கெட்டைக் குப்பை என்று தவறாக எண்ணிய சிவிஇ-2021-0920 ஓட்டையை ஆண்ட்ராய்டு கைபேசிகளில் உண்மையாகவே பயன்படுத்தித் தாக்கினார்கள். 2021 இறுதியில் இன்னொன்று: ஒரு த்ரெட் அட்டவணையிலிருந்து டிஸ்கிரிப்டரைப் பூட்டில்லாமல் படித்து, எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு இடையில் வேறொரு த்ரெட் அதை மூடிவிடுகிறது, அந்த இடைவெளியில் குப்பைக்காரர் தவறாகக் கணக்கிடுகிறார். திருத்தம் ஒருசில வரிதான்: எண்ணிக்கையைக் கூட்டியபின் அட்டவணையை இன்னொரு முறை பார், அதே பொருள் அதே இடத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் விட்டுவிடு. 2024-இல் 6.10 பதிப்பில் குப்பை அள்ளும் பகுதியே டார்ஜனின் வரைபட வழிமுறையைக் கொண்டு மாற்றி எழுதப்பட்டது.

நினைவகமே டிஸ்கிரிப்டராக மாறியது அடுத்த கட்டம். 2014-இல் 3.17 பதிப்பில் பெயரில்லாத நினைவகக் கோப்பு வந்தது. அதை இன்னொரு ப்ராசஸுக்கு அனுப்பும் முன் 'இனிச் சுருங்காது, மாறாது' என்று முத்திரையிடலாம். 2021-இல் 5.14 பதிப்பில் வந்த மெம்எஃப்டி-சீக்ரெட் ஒரு படி மேலே போனது. அதில் வைத்த பக்கங்கள் கெர்னலின் சொந்த நேரடி வரைபடத்திலிருந்தே நீக்கப்படும். கெர்னல் நிரல் ஒன்று தவறிப்போய்ப் படிக்க முயன்றாலும் கிடைக்காது. இப்படி ஒரு பக்கம் பயன்பாட்டில் இருக்கும்வரை எந்திரம் வட்டுக்கு உறங்கவும் போகாது. எம்லாக் தராமல் விட்ட வாக்குறுதியை இது தருகிறது. க்னூபிஜி காலத்துக் கவலைக்கு முறையான பதில் இதுதான் என்பேன்.

ஆனால் செலவு யார் கணக்கில்? பூட்டிய நினைவகத்துக்குப் போட்ட வரம்பு 2008-இல் க்னூபிஜியின் வேண்டுகோளுக்காக 64 கேபியாக உயர்ந்து, பதின்மூன்று ஆண்டு அப்படியே கிடந்தது. இசைக்கலைஞர்கள் ஜாக் ஒலிச் சேவையகத்தை ஓட்ட முதலில் செய்கிற வேலை, வரம்புக் கோப்பில் மெம்லாக் என்ற வரியைத் தளர்த்துவது. பிறகு உள்ளீடு-வெளியீட்டுக்கான ஐஓ-யூரிங் இடைமுகம் வந்தது. வேகத்துக்காக இடைப்பரப்புகளை முன்கூட்டியே ஆணி அடித்து வைக்கும் அதற்கு 64 கேபி எந்த மூலைக்கு? 5.16 பதிப்பில் வரம்பு 8 எம்பி ஆனது. கெர்னலின் இயல்பு மதிப்பை யாரும் மாற்றாத எந்திரத்தில் யூலிமிட் கட்டளையை எல் என்ற தெரிவோடு கேட்டால் 8192 என்று வரும்.

அந்த 8192 எதை அளக்கிறது என்று கேட்டால்தான் சங்கடம். எம்லாக் அதை ப்ராசஸின் முகவரிப் பரப்பின் கணக்கில் எழுதுகிறது. எனவே ஒரே பயனர் ஆயிரம் ப்ராசஸ் ஓட்டினால் ஆளுக்கு 8 எம்பி என்று 8,000 எம்பி பூட்டலாம். வரம்பு மீறப்படவே இல்லை. மறுபக்கம், இரண்டு ப்ராசஸ்கள் ஒரே 4 எம்பி பரப்பைப் பகிர்ந்து பூட்டினால், ராமில் இருப்பது 4 எம்பி, கணக்கில் 8. ஐஓ-யூரிங் பயனரின் பெயரில் எழுதுகிறது. 2011-இல் பூட்டிய பக்கத்தையும் ஆணி அடித்த பக்கத்தையும் வெவ்வேறு கலத்தில் எண்ணலாம் என்று பிரித்ததால் ஆர்டிஎம்ஏ வலையமைப்பு வேறொரு கலத்தில் எழுதுகிறது. ஒரே வரம்பை இரண்டு கலமும் தனித்தனியாக ஒப்பிட்டுக்கொள்ளும். கெர்னலுக்குள் சிறு நிரல்களை ஓட்டும் பிபிஎஃப், 5.11 பதிப்பில் இந்த வரம்பையே கைவிட்டு, ப்ராசஸ் குழுக்களின் வளங்களை எண்ணும் சிகுரூப் கணக்குக்குப் போய்விட்டது.

மெய்நிகர் எந்திரத்துக்குச் சாதனத்தை நேரடியாகக் கொடுக்கும் விஎஃப்ஐஓ பகுதியில் இது வெடித்தது. அங்கே சாதனத்தின் நினைவக வரைபடம் ஒரு டிஸ்கிரிப்டருக்குப் பின்னால் இருக்கிறது. ஆணி அடித்த பக்கங்களின் எண்ணிக்கையோ ப்ராசஸின் முகவரிப் பரப்பில். மெய்நிகர் எந்திரத்தை ஓட்டும் க்யூஎமு நிரலை நிறுத்தாமல் புதுப்பிக்க, அது தன்னைத் தானே எக்ஸெக் செய்துகொள்ளும். டிஸ்கிரிப்டர் எக்ஸெக்கைத் தாண்டி வாழும். முகவரிப் பரப்பு வாழாது; புதியது பிறக்கும், அதன் கணக்கு சுழியத்தில் தொடங்கும். பிறகு பழைய வரைபடம் ஒன்றை நீக்கினால் சுழியத்திலிருந்து கழிக்க வேண்டும். அது குறியில்லா எண். மைனஸ் ஆகாமல் பிரம்மாண்டமான ஓர் எண்ணாகச் சுற்றிக்கொள்ளும். அடுத்த வரைபடம் கேட்டால், உன் வரம்பு எப்போதோ தாண்டிவிட்டது, நினைவகம் இல்லை என்று பதில் வரும். எந்திரத்தில் ராம் காலியாகவே இருக்கும்.

2023 தொடக்கத்தில் இதைத் திருத்தினார்கள்: யாருடைய முகவரிப் பரப்பில் கணக்கு எழுதப்பட்டதோ அதை வரைபடத்தோடு சேர்த்தே குறித்துவைத்து, எக்ஸெக்குக்குப் பின் கணக்கைப் புதியதற்கு மாற்றுகிறார்கள். 6.2 பதிப்பில் வந்த ஐஓஎம்எம்யூ-எஃப்டி இன்னும் துணிந்து, இயல்பாகவே பயனரின் பெயரில் எழுதுகிறது. பழையபடி ப்ராசஸின் பெயரில் எழுத வேண்டுமானால் தனி உரிமையோடு கேட்டு மாற்றலாம். டிஸ்கிரிப்டர் எந்தக் கைக்குப் போனாலும் பயனர் அவரே என்பதால் இது நியாயமான தேர்வு. ஆனால் டிஸ்கிரிப்டர் வேறு பயனரின் ப்ராசஸுக்கே அனுப்பப்பட்டால் அந்த நியாயமும் தேய்கிறது. பூட்டியதும் ஆணி அடித்ததும் எல்லாவற்றையும் ஒரே சிகுரூப் கட்டுப்பாட்டில் எண்ணலாம் என்று 2023-இல் ஒரு முன்மொழிவு வந்தது. எம்லாக், ஐஓ-யூரிங், ஆர்டிஎம்ஏ, விஎஃப்ஐஓ ஆகியவை இன்றும் தத்தம் கலத்தில்தான் எழுதுகின்றன. லிப்விர்ட் போன்ற மேலாண்மை நிரல்கள் விருந்தினர் எந்திரத்தின் ராமுக்கு மேல் 1 ஜிபி கூட்டி வரம்பைக் கேட்டு வாங்குவது அதனால்தான். எந்தக் கலம் எவ்வளவு எழுதும் என்று வெளியிலிருந்து துல்லியமாகக் கணக்கிட அவற்றுக்கு வழியில்லை.